வலிக்கவில்லை என்று காத்திருக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அக்டோபர் வந்தால் உங்கள் பத்திரிகையிலும் மற்ற பத்திரிகைகளிலும் மார்பகப் புற்றுநோய் பற்றி ஒரு பக்கம் வந்துவிடுகிறது. இளஞ்சிவப்பு ரிப்பன் படம், ஒரு பெரிய டாக்டரின் பேட்டி, ‘விழிப்புணர்வு அவசியம்’ என்று தலைப்பு. நல்ல காரியம்தான், அதை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களில் சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு ஒரு குறை உண்டு. பெண்கள் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்கிற கேள்விகளுக்கு அந்தப் பக்கத்தில் பதில் இருப்பதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், கல்யாண வீட்டில், பஸ் ஸ்டாண்டில், ரேஷன் கடை வரிசையில். அவற்றை இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனாலும் வெட்டாமல் போடுங்கள்.

முதலில் வலி. “வலி ஒண்ணும் இல்லைங்க நர்சம்மா, சும்மா உருண்டையா ஒண்ணு தட்டுப்படுது, அது பாட்டுக்கு இருக்குது” என்பார்கள். எவ்வளவு நாளாக என்று கேட்டால், பொங்கலுக்கு முன்னாடி இருந்து, போன ஆடியில் இருந்து என்று பதில் வரும். வலித்தால்தான் நோய், வலிக்காத வரைக்கும் ஒன்றுமில்லை என்று நம் ஊரில் அவ்வளவு உறுதியாக நம்புகிறார்கள். மார்பகத்தைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை ஆளையே கொல்லும். புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. மாதவிலக்குக்கு முன்னால் இரண்டு பக்கமும் கனத்து வலிப்பது அநேகமாக ஹார்மோன் செய்கிற வேலை. வலிக்காமல், கல் மாதிரி கெட்டியாக, ஒரே இடத்தில் நிற்கிற கட்டிக்குத்தான் உடனே ஓட வேண்டும். அதற்காக வலிக்கிற கட்டியை விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை, அதையும் காட்டுங்கள். அப்படி வலிக்கிற கட்டி என்றால், மாதவிலக்கு வருகிற பெண் ஒரு சுழற்சி முடிந்து பார்க்கலாம், அதற்குப் பிறகும் கரையாமல் இருந்தால் போய்விட வேண்டும். மாதவிலக்கு நின்றுபோனவர்கள் அந்த ஒரு மாதம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

கட்டி மட்டும்தான் அறிகுறி என்று இல்லை. தோல் ஒரு இடத்தில் குழி விழுந்தோ ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகத் தடித்தோ இருப்பது, இத்தனை நாள் வெளியே இருந்த காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பில் இருந்து ரத்தமோ ரத்தம் கலந்த நீரோ கசிவது, காம்பைச் சுற்றி ஆறாத சொறி, அக்குளில் நெறிகட்டியது போல ஒரு கட்டி, ஒரு பக்கம் மட்டும் அளவு மாறுவது, எல்லாமே காட்ட வேண்டியவைதான். சொறிக்கு மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் பல மாதம் தடவியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இதையெல்லாம் சொன்னதும் பயந்துவிடுகிறார்கள். மார்பகத்தில் தட்டுப்படுகிற கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இளவயதுப் பெண்களுக்கு வருகிற, கைக்குள் வழுக்கி ஓடுகிற ஃபைப்ரோ அடினோமா கட்டி சாதாரணம். நீர்க்கட்டி சாதாரணம். ஆனால் எது சாதாரணம் என்று பக்கத்து வீட்டு அக்காவோ மாமியாரோ நானோ கையை வைத்துச் சொல்லிவிட முடியாது. டாக்டர் தொட்டுப் பார்ப்பது, ஸ்கேன் அல்லது மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்-ரே, தேவைப்பட்டால் ஊசியால் சதை எடுத்துச் சோதிப்பது என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். மூன்றில் ஒன்று சந்தேகமாக இருந்தாலும் மற்ற இரண்டு சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. மேமோகிராமில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் கையில் கட்டி தட்டுப்படுகிறது என்றால் அடுத்த சோதனையைக் கேட்டு வாங்குங்கள். படத்தில் விழாத புற்றுநோயும் உண்டு.

அந்த ஊசி விஷயம்தான் எங்கள் பக்கத்தில் பெரிய தடை. “ஊசி குத்தினா பரவிடும், கத்தி பட்டா பொங்கிடும்னு சொல்றாங்களே?” படித்த பிள்ளைகளும் இதைக் கேட்கிறார்கள். பரவாது. மரத்துப்போக மருந்து கொடுத்து, ஊசி வழியாக நூல் மாதிரி கொஞ்சம் சதை எடுப்பார்கள், அதே நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் புரிகிறது. முற்றிய நிலையில் ஒருவரை அழைத்துப் போகிறார்கள், அங்கே ஊசி குத்துகிறார்கள், ஏற்கெனவே பரவியிருந்த நோய் அப்போதுதான் வெளியே தெரிகிறது, சில மாதத்தில் ஆள் போய்விடுகிறார். ஊர் அந்த ஊசியை ஞாபகம் வைத்துக்கொள்கிறது, அதற்கு முன்னால் வீணாய்ப் போன ஒரு வருஷத்தை மறந்துவிடுகிறது.

இதைவிட எனக்குக் கோபம் வருகிற ஒன்று இருக்கிறது. சில சின்ன மருத்துவமனைகளில் எந்தச் சோதனையும் செய்யாமல் ‘கொழுப்புக் கட்டிதான்’ என்று கீறி எடுத்து, எடுத்ததைக் குப்பையில் போட்டுவிட்டுத் தையல் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் அதே இடத்தில் திரும்ப வருகிறது, அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் எடுத்தது என்ன என்பதற்கு ஒரு தாளும் கிடையாது. உடம்பில் இருந்து எதை எடுத்தாலும் அதைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள், ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். இதைக் கேட்பதற்கு யாரும் தயங்க வேண்டியதில்லை.

“எங்க வம்சத்துல யாருக்கும் இல்லையே” என்பது அடுத்தது. இந்த நோய் வந்த பெண்களில் பெரும்பாலானவர்களின் குடும்பத்தில் முன்பு யாருக்கும் வந்ததில்லை. பரம்பரையாக வருகிற மரபணுக் கோளாறால் வருவது 100-க்கு 5 முதல் 10 வரைதான். அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ சின்ன வயதில் வந்திருந்தால், அல்லது குடும்பத்தில் சினைப்பைப் புற்றுநோயும் இருந்தால், டாக்டரிடம் அதைச் சொல்லி பி.ஆர்.சி.ஏ. மரபணுச் சோதனை தேவையா என்று கேட்கலாம். மற்றவர்களுக்குப் பெண்ணாக இருப்பதும் வயது ஏறுவதும்தான் முதல் காரணங்கள், இரண்டையும் நாம் மாற்ற முடியாது. உடல் எடை, உடலுழைப்பு இல்லாமை, மது இவையும் ஆபத்தைக் கூட்டும். கறுப்பு பிரா போட்டால் வரும், ரவிக்கையில் செல்போன் வைத்தால் வரும் என்று வாட்ஸ்அப்பில் வருவதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது. அடிபட்டதால் வந்தது என்பார்கள், அதுவும் இல்லை. அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்போது ஏற்கெனவே இருந்த கட்டி கையில் படுகிறது.

நாங்களே ஒரு காலத்தில் கூட்டங்களில் பேசியதை, தாய்ப்பால் கொடுத்தவர்களுக்கு வரவே வராது என்று மக்கள் எடுத்துக்கொண்டார்கள். தாய்ப்பால் ஆபத்தைக் குறைக்கிறது. 30 நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2002-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஒவ்வொரு 12 மாதம் பால் கொடுக்கும்போதும் ஆபத்து சுமார் 4 சதவீதம் குறைகிறது. குறைகிறது, அவ்வளவுதான், நாலு பிள்ளைக்குப் பால் கொடுத்தவர்களுக்கும் வந்திருக்கிறது. இதில் ரொம்பப் பரிதாபம் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே கட்டி வருகிறவர்கள். பால் கட்டிக்கொண்டது என்று சூடு ஒத்தடம், மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது, பற்றுப் போடுவது என்று போகும். அநேகமாக அது பால் கட்டுதான், அதையும் மறுக்கவில்லை. ஆனால் வைத்தியம் பார்த்து இரண்டு வாரத்தில் கரையவில்லை என்றால் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். ‘பிள்ளை பால் மறக்கட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று சொல்லும் மாமியார்களுக்கும், சில சமயம் சொல்லிவிடும் எங்கள் துறை ஆட்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பால் கொடுக்கிற பெண்ணுக்கு ஸ்கேன் எடுக்கலாம், ஊசிச் சோதனையும் செய்யலாம்.

மேமோகிராம் எந்த வயதில், ஸ்கேன் எந்த வயதில் என்று கேட்கிறார்கள். சின்ன வயதில் மார்பகச் சதை அடர்த்தியாக இருப்பதால் எக்ஸ்-ரேயில் கட்டி மறைந்துவிடும், அதனால் இளம்பெண்களுக்கு ஸ்கேன்தான் முதலில் எடுப்பார்கள். 40 வயதுக்கு மேல் மேமோகிராம் நன்றாகப் பேசும். இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்துச் சில நொடிகள் அழுத்துவார்கள், கொஞ்சம் வலிக்கும், கதிர்வீச்சு மிகக் குறைவு. அமெரிக்காவில் 40-ல் இருந்து 74 வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எல்லாரும் எடுத்துக்கொள்ளச் சொல்லி 2024-ல் அறிவுறுத்தினார்கள். நம் நாட்டில் அத்தனை மெஷினும் கிடையாது, படத்தைப் பார்த்துச் சொல்கிற டாக்டர்களும் அத்தனை பேர் கிடையாது. அதனால்தான் 2016-ல் மத்திய அரசு போட்ட வழிகாட்டுதலில் 30 முதல் 65 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற பணியாளர் கையால் தொட்டுச் செய்யும் பரிசோதனையை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை என்று வைத்தார்கள். வசதி இருந்து நாற்பதைத் தாண்டியவர்கள் டாக்டரிடம் கேட்டு மேமோகிராம் எடுத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்க மாட்டேன்.

இங்கே உங்கள் அக்டோபர் பக்கத்தோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. ‘மாதம் ஒருமுறை சுயபரிசோதனை செய்யுங்கள், புற்றுநோயை வெல்லுங்கள்’ என்று வருஷா வருஷம் போடுகிறீர்கள். சீனாவில் ஷாங்காய் நகரத்து நெசவாலைகளில் வேலை செய்த 2,66,000 பெண்களை வைத்துப் பத்து வருஷத்துக்கும் மேலாக இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். சுயபரிசோதனை கற்றுக்கொண்டவர்களிலும் கற்றுக்கொள்ளாதவர்களிலும் இந்த நோயால் இறந்தவர்கள் கிட்டத்தட்ட ஒரே அளவுதான், கற்றுக்கொண்டவர்களுக்குச் சாதாரணக் கட்டிகளுக்கான அலைச்சல்தான் கூடுதலாக இருந்தது. 2002-ல் வெளிவந்த முடிவு இது. அதனால் தொட்டே பார்க்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. குளிக்கும்போது, உடை மாற்றும்போது நம் உடம்பு எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும், மாறினால் கண்டுபிடிக்க வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் கட்டியை முதலில் கண்டுபிடிப்பது அநேகமாக அந்தப் பெண்தான். ஆனால் அட்டவணை போட்டுத் தேடச் சொல்லிவிட்டு, தவறவிட்டால் ‘நீ சரியாகப் பார்க்கவில்லை’ என்று பழியை அவள் தலையில் வைப்பது நியாயமில்லை.

பயிற்சி பெற்ற கை வேறு விஷயம். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. குடிசைப் பகுதிகளில் 35-ல் இருந்து 64 வயதுக்கு உட்பட்ட ஒன்றரை லட்சம் பெண்கள். அவர்களில் ஒரு பாதிக்கு, டாக்டர்கூட இல்லை, பயிற்சி கொடுக்கப்பட்ட சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். இருபது வருஷம் பின்தொடர்ந்து 2021-ல் முடிவைச் சொன்னார்கள். பரிசோதிக்கப்பட்ட பக்கத்தில் முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் குறைவு. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் இந்த நோயால் ஏற்பட்ட மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்திருந்தது. ஐம்பதுக்குக் கீழே அந்த அளவு பலன் தெரியவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். மெஷின் வரும் வரை காத்திருக்க வேண்டாம், நம்மைப் போன்ற நாட்டிலேயே, நம்மைப் போன்ற பணியாளர்களை வைத்தே உயிரைக் காப்பாற்ற முடியும் என்று எனக்கு இதைப் படித்தபோது அவ்வளவு சந்தோஷம்.

நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தொற்றா நோய்ப் பிரிவு 2012-ல் இருந்தே இருக்கிறது. 30 வயது தாண்டிய பெண்களுக்குப் பிரஷர், சுகரோடு மார்பகத்தையும் கர்ப்பப்பை வாயையும் பரிசோதிப்பது அந்த நர்ஸின் வேலையில் சேர்ந்ததுதான், காசு கிடையாது. மாதா மாதம் சுகர் மாத்திரை வாங்கப் போகிற எத்தனை பேர் இதைக் கேட்டிருக்கிறீர்கள்? வரிசையில் நூறு பேர் நிற்கும்போது அந்த ஒரு நர்ஸ் தானாக அழைத்துச் செய்வது கஷ்டம், அதை அனுபவத்தில் சொல்கிறேன். நீங்களே கேளுங்கள். “சிஸ்டர், மார்பும் பார்த்துடுங்க” என்றால் பார்ப்பார்கள், பெண்தான் பார்ப்பார், திரைச்சீலை இருக்கும்.

வெட்கம் என்று சொன்னால் முடிந்துவிடாது, அதற்குள் நிறைய இருக்கிறது. ஆண் டாக்டரிடம் காட்டுவதற்குக் கூச்சம், அது ஒன்று. கல்யாணமாகாத பெண் என்றால் ‘வெளியே தெரிந்தால் வரன் வராது’ என்று அம்மாவே மூடிவிடுவார். புருஷன் வெளியூரில் லாரி ஓட்டுகிறார், வரட்டும் என்பார்கள். அறுவடை முடியட்டும், பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும், நாத்தனார் பிரசவம் முடியட்டும். ஒரு குடும்பத்தில் எல்லாருடைய வேலையும் முடிந்த பிறகுதான் அந்த வீட்டுப் பெண்ணின் உடம்புக்கு முறை வருகிறது. அதனால் இந்தக் கடிதத்தை ஆண்களும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மனைவியோ அம்மாவோ ‘ஒரு கட்டி இருக்கிற மாதிரி இருக்கு’ என்று சொன்னால், வலிக்கிறதா என்று கேட்காதீர்கள், நாளைக்குக் காலையில் போகலாம் என்று சொல்லுங்கள். (ஆண்களுக்கும் இந்த நோய் வரும். 100 நோயாளிகளில் ஒருவர் அளவுக்குத்தான், ஆனாலும் வரும், காம்புக்கு அடியில் கட்டி என்றால் நீங்களும் காட்டுங்கள்.)

மார்பையே எடுத்துவிடுவார்களா என்ற கேள்வியைப் பெண்கள் கடைசியில்தான் கேட்பார்கள், வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து கேட்பார்கள். சிறியதாக இருக்கும்போது வந்தால், கட்டியையும் சுற்றிலும் கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்து மார்பகத்தைக் காப்பாற்ற முடியும். இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இருபது வருஷம் பின்தொடர்ந்து பார்த்ததில், முழுதாக எடுத்தவர்களும் இப்படிச் செய்துகொண்டவர்களும் ஒரே அளவு உயிர் வாழ்ந்தார்கள் என்று 2002-லேயே தெரிந்துவிட்டது. எல்லாருக்கும் இது பொருந்தாது, ஆனால் ‘எனக்குப் பொருந்துமா டாக்டர்?’ என்று கேட்கிற உரிமை எல்லாருக்கும் இருக்கிறது. அதே மாதிரி ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று மூன்று சோதனைகள் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த மருந்து வேலை செய்யும் என்பது அதை வைத்துத்தான். சிலருக்குக் கீமோ தேவைப்படாமலேயே மாத்திரையோடு போகும்.

செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. நோய் வந்த பிறகு வருமானச் சான்றிதழுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் அலைவதில் சில வாரம் போய்விடுகிறது. கார்டை இப்போதே எடுத்து வையுங்கள்.

வாரங்கள் என்றதும்தான் முக்கியமானதற்கு வருகிறேன். 2022-ல் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்கு இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது, சுமார் 98,000 பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை போட்ட மதிப்பீடு. 2010-க்கும் 2014-க்கும் இடையில் நோய் கண்டறியப்பட்டவர்களில் ஐந்து வருஷம் தாண்டியவர்கள் அமெரிக்காவில் 100-க்கு 90, இங்கே 66. நம்மில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் முற்றிய நிலையில் போய்ச் சேருவதுதான் இதற்குப் பெரிய காரணம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் ஒரு இலக்கு வைத்தது. அறிகுறியோடு ஒரு பெண் வந்தால் 60 நாளுக்குள் என்ன நோய் என்று உறுதி செய்ய வேண்டும் என்று. நம் ஊரில் அந்த 60 நாள் எப்படிப் போகிறது என்று நான் சொல்கிறேன். சுகாதார நிலையத்தில் ஒரு சீட்டு எழுதித் தருவார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவு வாரத்தில் குறிப்பிட்ட நாளில்தான். ஸ்கேனுக்கு ஒரு தேதி, ஊசிக்கு ஒரு தேதி, ரிப்போர்ட்டுக்கு ஒரு தேதி. ஒவ்வொரு தேதிக்கும் பஸ் செலவு, ஒரு நாள் கூலி, துணைக்கு ஒரு ஆள். மூன்றாவது முறையில் அவள் நின்றுவிடுவாள். சீட்டு எழுதித் தந்தவர்களின் கணக்கில் அவள் ‘அனுப்பப்பட்டவர்’, அத்தோடு முடிந்தது.

பிரசவத் தேதி தெரிந்த கர்ப்பிணியை எங்களால் பெயர் பெயராக, போன் போட்டு, வீட்டுக்குப் போய்ப் பின்தொடர முடிகிறது. தமிழ்நாட்டில் அதை நன்றாகவே செய்கிறோம். கட்டியோடு அனுப்பப்பட்ட பெண்ணையும் அதே மாதிரி, ஊசிச் சோதனை ரிப்போர்ட் கையில் வரும் வரை ஒருவர் பின்தொடர வேண்டும். எத்தனை லட்சம் பேரைப் பரிசோதித்தோம் என்று அறிவிக்கும்போது, அதில் எத்தனை பேர் ரிப்போர்ட் வரை போனார்கள், எத்தனை நாளில் என்பதையும் மாவட்ட வாரியாகச் சேர்த்து வெளியிட வேண்டும். உங்கள் நிருபர்கள் இதைக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். அமைச்சர் பேட்டி கொடுக்கும்போது கேளுங்கள்.

உங்களிடம் கேட்பது இன்னும் ஒன்று. அக்டோபரில் ஒரு முழுப்பக்கம் போடுவதற்குப் பதிலாக, மாதத்துக்கு ஒருமுறை மாவட்டப் பக்கத்தில் கால் பக்கம் ஒதுக்குங்கள். எந்த அரசு மருத்துவமனையில் எந்தக் கிழமை மார்பகப் பிரிவு இருக்கிறது, மேமோகிராம் மெஷின் எங்கே இருக்கிறது, அது இப்போது ஓடுகிறதா, எத்தனை மணிக்குப் போனால் சீட்டு கிடைக்கும், எந்த அறை, இவ்வளவு போட்டால் போதும். விழுப்புரம் மாவட்டத்துக்கு அந்த விவரங்களைச் சேகரித்துத் தர நானும் என்னோடு ஓய்வு பெற்ற சிலரும் தயாராக இருக்கிறோம், ஆள் அனுப்பினால் பேசலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
விழுப்புரம் மாவட்டம்